சீப்பக்காவின் பிரஷ்

சீப்பு என்றதும் உங்கள் கை தலைக்குப் போகும். பிரஷ் என்றதும் வாய்க்குப் போகும். ஊர் உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான், தப்பில்லை. ஆனால் மேஸ்திரியின் பெயிண்ட் கோஷ்டிக்குள் போய் இந்த இரண்டு வார்த்தையையும் சொல்லிப் பாருங்கள், அங்கே கதையே வேறு. அங்கே பிரஷ் என்றால் ஆம்பளை. பெயிண்டர். சுவரில் கை வைக்கிறவர், டீ வந்தால் முதல் டம்ளரை எடுக்கிறவர். சீப்பு என்றால் பொம்பளை. எடுபிடி. சாயங்காலம் குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்து, அத்தனை பேர் பிரஷ்ஷையும் கழுவி, இரும்புப் பல் வைத்த சீப்பால் முடியின் வேரிலிருந்து நுனிவரை வாரி, உள்ளே ஒளிந்திருக்கிற பெயிண்டை எல்லாம் எடுத்து, காகிதத்தில் சுற்றி வைக்கிற ஆள்.

இந்தச் சட்டத்தை எவன் போட்டான் என்று தெரியவில்லை. தெரிந்தால் நானே போய் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட்டு வருவேன். ஒவ்வொரு பெயிண்டருக்கும் சொந்தமாக ஒரு பிரஷ் உண்டு, பிடியில் கத்தியால் கீறிய அடையாளம் உண்டு. அதை இன்னொருத்தன் எடுத்துச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அடிதடியே நடக்கும். அவ்வளவு அருமையான பிரஷ்ஷை வேலை முடிந்ததும் தூக்கிக் குழாயடியில் வீசிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். காலையில் வந்தால் அது முடி நிமிர்ந்து, காகிதத்துக்குள் சுத்தமாகக் காத்திருக்கும். அது எப்படி அப்படி ஆயிற்று என்று ஒருத்தனாவது யோசித்திருப்பானா? அட, ஒருத்தனாவது?

அந்தக் குழாயடிக்காரிக்கு ஒரு பெயர் இருந்தது. கோஷ்டியில் எல்லாரும் அதை மறந்து 'சீப்பக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். மேஸ்திரி அவளுடைய கூடப்பிறந்த தம்பி. இடுப்பில் தூக்கிச் சுமந்து, மூக்கைத் துடைத்துவிட்டு வளர்த்த தம்பி. அவன் மட்டும் 'அக்கா' என்பான், அதில் ஒரு குறையும் வைக்கமாட்டான். ஆனால் அவள் பிரஷ் கேட்டால் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, "பாக்கலாம்க்கா" என்பான். பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவள் சும்மா இருக்கவில்லை. சொந்தமாக ஒரு பிரஷ் வாங்கி வைத்திருந்தாள். புது பிரஷ் முடி உதிர்க்கும், சுவரில் மீசை முளைத்த மாதிரி ஆகிவிடும். அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவரப் பல மாதம் ஆகும். வீட்டுச் சமையலறைச் சுவரை அடித்தாள். காய்ந்ததும் மறுபடி அடித்தாள். பக்கத்து வீட்டுக் கேட்டை அடித்தாள், எதிர் வீட்டு ஜன்னலை அடித்தாள். வேலையிடத்தில் ஆண்கள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில், அலமாரிக்கு உள்ளே, கதவுக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத மூலைகளில் எல்லாம் கோடு போட்டுப் பார்த்தாள். அந்த நகரத்தில் எத்தனையோ வீடுகளில் அலமாரிக்குள் இருக்கிற சுவர் வெளிச்சுவரைவிட அழகாக இருக்கும். தம்பிக்கு இது தெரியும். தெரிந்தும் தெரியாதவன் மாதிரி இருந்துவிட்டான்.

அப்படியே போயிருக்கும். மாப்பிள்ளை வந்து சேர்ந்தான்.

மாப்பிள்ளை என்றால் மேஸ்திரியின் மனைவிக்குத் தம்பி. செல்போன் கடை வைத்திருந்தான், அது படுத்துவிட்டது. அக்காவும் மாமாவும் இருக்கிறபோது அவனுக்கு என்ன கவலை? ஒரு திங்கட்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வேலைக்கு வந்து நின்றான். கோஷ்டி அப்போது பல் டாக்டரம்மா ஒருவருடைய புது ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருந்தது. எல்லார் முன்னாலும் மேஸ்திரி ஒரு பிரஷ்ஷை எடுத்து அவன் கையில் கொடுத்து, "மச்சான், இன்னையிலேந்து நீயும் பெயிண்டர்டா" என்றான். அவ்வளவுதான், முடிந்தது. சுவரைத் தொடாமலே ஒருத்தன் பெயிண்டர் ஆகிவிட்டான்.

உப்புத்தாள் என்று இன்னொருத்தி அங்கே வேலை செய்தாள். சுவரை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற வேலை, நாக்கும் அதே சொரசொரப்பு. அவள் சீப்பக்காவின் காதருகே வந்து, "அந்தப் பிரஷ்ல எந்தப் பக்கம் முடி இருக்குன்னாவது அவனுக்கு யாராச்சும் சொன்னாங்களா?" என்றாள். சீப்பக்கா சிரிக்கவில்லை. அன்று முழுக்கத் தலை நிமிராமல் பெயிண்ட் கலக்கிக் கொடுத்தாள்.

சாயங்காலம் வழக்கம்போலக் குழாயடி. நெட்டையன், வழுக்கை என்று கோஷ்டியில் கூப்பிடுகிற இரண்டு பெயிண்டர்களின் பிரஷ், தம்பி பிரஷ் எல்லாம் வந்து விழுந்தன. கடைசியாக மாப்பிள்ளை வந்தான். அவன் பிரஷ்ஷைக் கழுத்துவரை முக்கி முக்கி அடித்திருந்தான், பிடியெல்லாம் பெயிண்ட் வழிந்து கட்டியாகியிருந்தது.

"சீப்பக்கா, இதையும் சேத்து சீவி வச்சிடுங்க. காலைல வந்ததும் வேணும்."

அவள் அதைப் பார்த்தாள். கையிலிருந்த சீப்பைக் குழாய்க் கல்லின்மேல் வைத்தாள்.

"மாட்டேன்."

"என்னது?"

"சீவ மாட்டேன்னேன். காது அடைச்சிருக்கா?"

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான். சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தான், அவன் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

"என்னக்கா பிரச்சனை?"

"ஒரு பிரச்சனையும் இல்லடா. சீப்பு அந்தா இருக்கு. தண்ணி கொழாய்ல வருது. வேணுங்கறவன் ஒக்காந்து சீவிக்கட்டும்."

"சின்னப் பையன்க்கா, தெரியாம கேட்டுட்டான்."

"அவன் தெரியாமத்தான் கேட்டான். நீ தெரிஞ்சேதான பிரஷ்ஷக் குடுத்த?"

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினான். "கடை போச்சுக்கா அவனுக்கு. வீட்ல அவ என் உசுர வாங்கறா. நான் என்ன பண்ணட்டும்?"

"ஓ! உன் வீட்ல நீ நிம்மதியா சோறு திங்கறதுக்கு என் எடத்தத் தூக்கி அவனுக்குக் குடுத்துட்ட. நல்லா இருக்குடா ஞாயம்."

"பொம்பள பிரஷ் புடிச்சு நின்னா எவன்க்கா நமக்கு வேலை குடுப்பான்? உலகம் அப்படி இருக்கு."

"உலகத்த நான் பாத்துக்கறேன். நீ உன் வாயால ஒண்ணு சொல்லு. நான் பெயிண்டரா, இல்லையா?"

நெட்டையன் ஆகாயத்தைப் பார்த்தான். வழுக்கை தன் துண்டைப் பார்த்தான். மேஸ்திரியின் கை மெல்ல மேலே போய்த் தலையைச் சொறிந்தது.

"பாக்கலாம்க்கா."

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. "அப்ப எவனுதையும் சீவ மாட்டேன். உன்னுதையும் சேத்துத்தான்" என்று எழுந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவனுக்கும் வீம்பு வந்துவிட்டது. மேஸ்திரி இல்லையா! "சீவ முடியாதுன்னா நாளைக்கு வேலைக்கு வராத" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே உறுத்தியது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் அவள் கணவன் சட்டைத் துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். தையல்காரன், சாது, சண்டை என்றால் தெருவைவிட்டே ஓடுகிற மனுஷன். நடந்ததைக் கேட்டுவிட்டு ஊசியைக் குத்தி வைத்தான்.

"தம்பிகிட்டப் போயி எதுக்கு வம்பு வளக்கற? நாலு நாள் வீட்ல இரு. அவனே வந்து கூப்பிடுவான்."

"எதுக்குக் கூப்பிடுவான்? சீவறதுக்கா?"

"வேலைதான, விடேன்."

"ஏங்க, உங்க கத்திரிய நேத்து வந்தவன் எடுத்துத் துணி வெட்டறான். நீங்க பக்கத்துல நின்னு அந்தக் கத்திரிக்கு சாணை புடிச்சுக் குடுக்கணும். குடுப்பீங்களா?"

அவன் கத்திரியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். கத்திரி விஷயத்தில் அவன் சாது கிடையாது. பெற்ற மகளே நூல் வெட்ட எடுத்தாலும் பிடுங்கி வைக்கிறவன். கடைசியில், "வராதன்னு சொல்லிட்டான், எந்த மூஞ்சிய வச்சுகிட்டுப் போவ?" என்றான்.

"இதே மூஞ்சிதான். வேற எங்க இருக்கு எனக்கு?"

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். பையில் சாப்பாட்டு டப்பா இருந்தது, அதற்குக் கீழே அவளுடைய பிரஷ் இருந்தது. உள்ளே போகவில்லை. தம்பி வந்தான், அவளைப் பார்த்தும் பார்க்காதவன்போல உள்ளே போனான். அவன் போன கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது பாருங்கள்!

விஷயம் இதுதான். முந்தின நாள் அவள் போன பிறகு ஆண்கள் நின்று யோசித்திருக்கிறார்கள். குனிந்து கழுவ எவனுக்கும் முதுகு வளையவில்லை. வழுக்கைதான் வழி சொல்லியிருக்கிறான்: வாளி நிறையத் தண்ணீர் பிடித்து எல்லா பிரஷ்ஷையும் அதில் நிறுத்திவிட்டால் விடிவதற்குள் பெயிண்ட் தானாக இறங்கிவிடும் என்று. ஆகா, என்ன மூளை! வாழ்நாளில் ஒரு தடவை பிரஷ் கழுவியிருந்தால் இந்த யோசனை வந்திருக்காது. முடி வாளியின் அடியில் ஊன்றி நின்றால், பிடியின் கனம் முழுக்க அதன் தலைமேல்தானே இறங்கும்? விடிந்தபோது அத்தனை பிரஷ்ஷும் ஒருபக்கமாகப் படுத்து, வாத்து வால் மாதிரி வளைந்திருந்தன. வேரில் பெயிண்ட் இறுகிக் கல்லாகியிருந்தது. நெட்டையன் தன் பிரஷ்ஷைக் கையால் நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தான், அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

வேறொரு நாளாக இருந்திருந்தால் ரோலர் உருளையை வைத்துச் சமாளித்திருப்பார்கள். அன்றைக்கென்று முக்கியமான வேலை. நோயாளிகள் காத்திருக்கும் கூடம் முழுக்க வெள்ளைச் சுவர், மணல் பூசிய சொரசொரப்புச் சுவர். அதில் இடுப்பு உயரத்தில், நான்கு விரல் அகலத்துக்கு, சுற்றிலும் ஒரு நீலப் பட்டை ஓடவேண்டும் என்று டாக்டரம்மா ஆசைப்பட்டார். மதியம் நாற்காலிகள் வருகின்றன. மறுநாள் திறப்பு.

மேஸ்திரி முதலில் சுவரில் டேப் ஒட்டி அடித்துப் பார்த்தான். மணல் சுவரில் டேப் ஒட்டுமா? அடியில் நீலம் கசிந்து பல்லிளித்தது. அதைத் துடைத்து அழிப்பதற்குள் விழி பிதுங்கிவிட்டது. கடைக்கு ஆளனுப்பிப் புது பிரஷ் வாங்கிவந்தான். ஒரு முழம் இழுப்பதற்குள் சுவரில் ஏழெட்டு முடி. மாப்பிள்ளை அதை நகத்தால் எடுக்கப் போய், நீலத்தில் விரல் ரேகையையும் பதித்துவைத்தான். அதற்குள் டாக்டரம்மா வேறு வந்துவிட்டார். வாளியையும் வளைந்த பிரஷ்களையும் பார்த்துவிட்டு, "பிரஷ்ஷைத் தண்ணியில போட்டு வைக்காதீங்கன்னு எல்லார்கிட்டயும் தினமும் தொண்டை கிழியக் கத்தறேன், இங்கயும் அதேதானா?" என்றார். அவர் பல் தேய்க்கிற பிரஷ்ஷைச் சொன்னார். ஆனால் சரியான இடத்தில்தான் போய்க் குத்தியது.

டாக்டரம்மா உள்ளறைக்குப் போனதும் மேஸ்திரி கையைப் பிசைந்துகொண்டு வாசலுக்கு வந்தான்.

"அக்கா."

"சொல்லு."

"உன் பிரஷ் கொண்டாந்திருக்கியா?"

"இருக்கு."

"குடேன். ஒரு மணி நேரத்துல திருப்பித் தந்துடறேன்."

அவள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "பிரஷ் தனியா வராதுடா. கையும் சேந்துதான் வரும்."

"அக்கா, வெளயாடற நேரமா இது? டாக்டரம்மா உள்ள இருக்காங்க."

"இருக்கட்டும். நான் வந்து ஒளிஞ்சுகிட்டா போடப்போறேன்?"

அவன் சுவரைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டான். "சரி, வா" என்று முணுமுணுத்தான்.

அவள் உள்ளே போய்ச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். டப்பாவில் நீலத்தை எடுத்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். பிரஷ்ஷின் மூன்றில் ஒரு பங்கைத்தான் நனைத்தாள். டப்பாவின் விளிம்பில் இரண்டு பக்கமும் தட்டி, முதல் இழுப்பை இழுத்தாள். சாயம் தடவிய கயிற்றைத் தட்டிப் பதித்திருந்த அளவுக் கோட்டில் முடியின் நுனி போய் உட்கார்ந்து, அதன் வழியிலேயே நகர்ந்தது. மணல் மேட்டிலும் பள்ளத்திலும் பிரஷ் ஏறி இறங்கிற்று, கோடு மட்டும் அசையவில்லை. வாய் ஓயாத உப்புத்தாள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். நெட்டையன் வாயைப் பிளந்தான். "அடேங்கப்பா" என்று வழுக்கை சொன்னான். அதைக் கேட்கக் கூடாதவர்கள் யாரும் கேட்டுவிடவில்லையே என்று உடனே திரும்பியும் பார்த்துக்கொண்டான்.

சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அந்த நேரத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வெளிச்சத்தில், நடுச் சுவரில், ஆட்கள் பார்க்க அவள் போடுகிற முதல் கோடு அது. முதல் சுவர் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. வாசலுக்கு நேர் எதிரே இருக்கிற பெரிய சுவருக்கு வந்தாள். உள்ளே வருகிறவன் கண்ணில் முதலில் படுகிற சுவர் அது. சின்ன முக்காலியில் உட்கார்ந்து, முக்காலியை நகர்த்தி நகர்த்திப் பாதிச் சுவருக்கு வந்துவிட்டாள்.

பெயிண்ட் வாடைக்காக டாக்டரம்மா மேலே காற்றாடியைப் போட்டுவிட்டிருந்தார். இப்போது வெளியே வந்து, அந்த நீலப் பட்டையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ரொம்ப அழகா வருதே! யாரு இவங்க? இத்தனை நாள் பாக்கலயே?"

அவள் திரும்பவில்லை. கை வேலையில் இருந்தது, காது மட்டும் தம்பியிடம் இருந்தது.

"அது எங்கக்காதாம்மா" என்றான் மேஸ்திரி. "ஹெல்பர். சும்மா கைக்கு ஒத்தாசையா கொஞ்சம் இழுத்துக் குடுக்கறாங்க. கோடு வேலையெல்லாம் நாங்கதாம்மா பாக்கறோம்."

"அப்படியா" என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே உள்ளறைக்குப் போய்விட்டார்.

அவள் பிரஷ்ஷைச் சுவரிலிருந்து எடுத்தாள். டப்பாவின் மேல் குறுக்கே வைத்தாள். முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மேஸ்திரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பதறினான். நீலம் ஆழமான நிறம். ஈரமாக இருக்கும்போதே அடுத்த இழுப்பு அதோடு சேர்ந்துவிட வேண்டும். ஓரம் காய்ந்த பிறகு சேர்த்தால், அந்த இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தடிப்பாகத் தெரியும். தலைக்கு மேலே காற்றாடி வேறு சுற்றுகிறது.

"என்னக்கா நிறுத்திட்ட? காஞ்சிடும்க்கா!"

"ஹெல்பர் கோடு போடமாட்டா."

"அய்யோ, அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!"

"சும்மா சும்மான்னே பன்னண்டு வருஷம் ஓட்டிட்ட. நேத்து கேட்டதத்தான் இன்னிக்கும் கேக்கறேன். நான் யாரு?"

அவன் ஓடிப்போய்க் காற்றாடியை நிறுத்தினான். திரும்பி வந்தான். நீலத்தின் ஓரத்தில் இருந்த பளபளப்பு மெல்ல மங்க ஆரம்பித்திருந்தது.

"நெட்டை, நீ எடுத்து இழுடா" என்றான்.

நெட்டையன் ஒரு எட்டுகூட முன்னால் வைக்கவில்லை. "அது அவங்க பிரஷ் மேஸ்திரி" என்றான். "இன்னொருத்தர் பிரஷ்ஷ எப்படித் தொடறது?" என்ன இருந்தாலும் கோஷ்டியின் சட்டம் அது. அந்தச் சட்டம் முதல் தடவையாக அவள் பக்கம் வந்து நின்றது.

மேஸ்திரி மச்சானைப் பார்த்தான். மச்சான் தரையைப் பார்த்தான். இவளைப் பெயிண்டர் என்று சொன்னால் மச்சானுக்கு என்ன பதில் சொல்வது, வீட்டில் மனைவிக்கு என்ன பதில் சொல்வது, நாளைக்கு மற்ற கோஷ்டிக்காரர்கள் என்ன சொல்லிச் சிரிப்பார்கள் என்று எல்லாம் அவன் முகத்தில் வரிசையாக ஓடிற்று. பாவம்தான். ஆனால் அவள் அந்த முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டே வயசாகிப் போனவள். இந்தத் தடவை அவள் இரங்குவதாக இல்லை.

"யோசிங்க மேஸ்திரி, நல்லா யோசிங்க" என்றாள் உப்புத்தாள். "செவுரு உங்களுக்காகக் காத்துகிட்டு நிக்கும்."

"அக்கா, நீ பெயிண்டர்தான்க்கா" என்றான் அவன், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"என்கிட்ட எதுக்குடா சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. யார்கிட்ட ஹெல்பர்னு சொன்னியோ அங்க போய்ச் சொல்லு. அப்புறம் இன்னொண்ணு. இனிமே அவனவன் பிரஷ்ஷ அவனவன் சீவிக்கணும். உன்னுத நீ. உன் மச்சானுத உன் மச்சான்."

அவன் உள்ளறை வாசலில் போய் நின்றான். டாக்டரம்மா போனில் பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. முடித்ததும், கூடமே அதிர, "டாக்டரம்மா, தப்பா சொல்லிட்டேன்! எங்கக்கா ஹெல்பர் இல்ல! பெயிண்டர்! இந்தக் கோடு பூரா அவங்க போட்டது!" என்றான். பயத்தில் குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. தெருவில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"அதுக்கு ஏங்க இப்படிக் கத்தறீங்க?" என்றார் டாக்டரம்மா.

அவள் பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். ஓரத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள், காய்ந்துவிட்டிருந்தது. அதே இடத்திலிருந்து ஆரம்பித்து, நேராக இழுத்துக்கொண்டு போனாள். அவள் கை முன்னைவிட வேகமாகப் போயிற்று. சுவர் முடிந்தது, கடைசிச் சுவரும் முடிந்தது, பட்டை சுற்றி வந்து வாசல் நிலையோடு சேர்ந்தது. எல்லாம் ஒரே நேர். எதிர்ச் சுவரின் நடுவில் மட்டும், ஒரு விரற்கடை அகலத்துக்கு, நீலம் இருட்டாகத் தெரிந்தது.

மேஸ்திரி அந்த இடத்தைப் பார்த்துவிட்டு அவளிடம் வந்தான். "அக்கா, இன்னொரு கை அடிச்சா மறைஞ்சிடும்ல?"

"மறையும். டாக்டரம்மா பாத்ததுக்கு அப்புறம் மறைக்கறேன்."

"எதுக்குக்கா அவங்க பாக்கணும்? அதுக்கு முன்னாடியே..."

"போடா, போயி உன் பிரஷ்ஷக் கழுவு."

நாற்காலிகள் வந்து இறங்கும் நேரத்தில் டாக்டரம்மா கூடத்தைச் சுற்றிவந்தார். ஒவ்வொரு சுவராகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், எதிர்ச் சுவர் நடுவில் நின்றார். குனிந்து பார்த்தார்.

"எல்லாம் ஜோரா இருக்கு. இங்க மட்டும் என்ன ஒரு மாதிரி தெரியுது?"

மேஸ்திரி வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள். சுவரருகே போய், பட்டையில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இது வரைக்கும் ஹெல்பர் போட்டதும்மா. இங்கேந்து அந்தப் பக்கம் பெயிண்டர் போட்டது. நடுவுல இருக்கறது என் தம்பி யோசிச்சது."